விழுங்க இயலாத குழந்தை
அங்கத்தினர் இல்லங்களுக்கு ஒரு விளக்கம்

உண்ட சோறு உடலில் ஒட்டவேண்டுமாயின் அது முதலில் வயிற்றைச் சென்று சேர்தல் வேண்டும். வாய்க்கும் வயிற்றுக்கும் இடையே உணவைக் கொண்டுசெல்லும் பாதைக்கு உணவுக்குழல் என்று பெயர். அப்பாதையில் குழந்தைகளுக்கு நேரும் கோளாறுகளைப் பற்றி ஒரு கூட்டுறவுப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் கேட்கலாம். அதற்குத் தக்க காரணம் உண்டு. குழந்தைகளின் உணவுக்குழலை வாழ்நாள் முழுமைக்கும் கெடுக்கவல்ல பொருள்களுள் முதன்மையான ஒன்று, நெசவாளர் சங்கங்களின் சரக்கறைகளிலிருந்தும் சாயப்பட்டறைகளிலிருந்தும் வீடுகளுக்குச் செல்கிறது. அது காஸ்டிக் சோடா. பயிரிடும் அங்கத்தினர் வீடுகளிலோ களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் திண்ணை ஓரத்தில் இருக்கின்றன.

வைத்தியம் என் துறையன்று. சங்கங்களின் கணக்கையும் இருப்பையும் பார்வையிடுவதே என் பணி. இருப்புப் புத்தகத்தில் காஸ்டிக் சோடா இத்தனை கிலோ வரவு, இத்தனை கிலோ பட்டுவாடா என்று எழுதியதும் கணக்கு முடிந்துவிடுகிறது. பட்டுவாடா ஆன சரக்கு அங்கத்தினர் வீட்டில் எந்தப் பாத்திரத்தில், எந்த மூலையில், எவ்வளவு உயரத்தில் வைக்கப்படுகிறது என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் பத்தி கிடையாது. ஆயினும் குழந்தையின் உயிர் அந்த எழுதப்படாத பத்தியில்தான் இருக்கிறது. ஆகவே, மருத்துவர்கள் ஐயமறக் கூறும் செய்திகளை நம் தொழிலோடு பொருத்தி இங்கே தொகுத்துரைக்கிறேன்.

உணவுக்குழலின் அமைப்பு

பிறந்த குழந்தையின் உணவுக்குழல் ஏறக்குறைய 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் உடையது. வளர்ந்தவர்களுக்கு அது 25 சென்டிமீட்டர் அளவினது. மூச்சுக்குழல் முன்னும், உணவுக்குழல் அதன் பின்னுமாக அடுத்தடுத்து அமைந்துள்ளன. உணவுக்குழல் வெறும் குழாய் அன்று, தசையால் ஆனது. பள்ளத்தை நோக்கி நீர் ஓடுவது போல உணவு அதில் தானாக இறங்குவதில்லை. பசு அசைபோடுகையில் அதன் கழுத்தின் இடப்பக்கத்தில் ஓர் உருண்டை மேலேறுவதையும், மென்றபின் கீழிறங்குவதையும் யாவரும் கண்டிருப்பர். அவ்வுருண்டையைத் தள்ளுவது உணவுக்குழல் தசையின் அலை போன்ற இயக்கமே. மனிதருக்கும் அவ்வாறே. குழலின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் வாயில் போன்ற இறுக்கமான தசை வளையங்கள் உள்ளன. உணவு வரும்போது அவை திறந்து, பின் மூடிக்கொள்கின்றன.

ஆகவே விழுங்குதல் தடைப்படுவதற்குப் பொதுவாக இரண்டு வகைக் காரணங்களே இருத்தல் கூடும். ஒன்று, பாதை குறுகியிருத்தல் அல்லது அடைபட்டிருத்தல். மற்றொன்று, பாதை சரியாக இருந்தும் தசை இயங்காதிருத்தல்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

மருத்துவர் முதலில் கேட்பவை மூன்று கேள்விகள். இத்தொல்லை பிறந்தது முதலே உண்டா, திட உணவு ஊட்டத் தொடங்கியபின் வந்ததா, திடீரென ஒரு நாள் வந்ததா என்பது முதற்கேள்வி. சோறு மட்டும் இறங்கவில்லையா, பாலும் நீருமே இறங்கவில்லையா என்பது இரண்டாவது. குழந்தையின் எடை ஏறுகிறதா, குறைகிறதா என்பது மூன்றாவது. இவற்றுக்குத் தாய் கூறும் விடை பல சோதனைகளுக்கு ஈடானது.

பால் எளிதில் இறங்கி, சோறும் இட்டலியும் மட்டும் சிக்கினால் பாதை குறுகியிருக்கிறது என்று ஊகிக்கலாம். தொடக்கம் முதலே நீரும் சோறும் ஒருங்கே தடைப்பட்டால் தசையின் இயக்கத்தில் குறை இருக்கலாம். கீழ் வளையம் திறவாமையால் உணவு குழலிலேயே தேங்கும் நோய் ஒன்று உண்டு. அதற்கு அகலேசியா என்று பெயர். குழந்தைகளிடம் இது அரிது. இரவில் இருமலும், தூக்கத்தில் செரியாத உணவு வாய்வழி வெளிவருதலும் அதன் அடையாளங்கள். இறுகிய தசையைக் கீறித் தளர்த்தும் அறுவையை 1913-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹெல்லர் செய்து காட்டினார். இன்றும் அம்முறையே பெரிதும் கையாளப்படுகிறது.

இளைப்பு, கரப்பான், ஒவ்வாமை உள்ள பெரிய குழந்தைக்கு அடிக்கடி உணவு நெஞ்சில் சிக்குமாயின், உணவுக்குழலிலேயே ஒவ்வாமை வீக்கம் இருக்கக்கூடும். குழலின் உட்சவ்வில் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தே இதனை உறுதி செய்வர். ஒவ்வாத உணவை நீக்குதலும் மருந்துமே இதற்குச் சிகிச்சை.

இவற்றோடு பால் கக்குதலைக் குழப்பிக்கொள்ளலாகாது. கைக்குழந்தை பால் குடித்தபின் சிறிது கக்குவது இயல்பு. எடை ஏறி, முகம் தெளிந்து விளையாடும் குழந்தைக்கு அது ஒரு வயதுக்குள் பெரும்பாலும் தானே நின்றுவிடும். எடை குறைதல், இரத்தம் கக்குதல், பச்சை நிற வாந்தி, பாலருந்தும்போது மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் தாமதம் கூடாது.

பிறவிக் குறையும் சேனை வைத்தலும்

ஏறத்தாழ 3,500 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு உணவுக்குழல் முழுமை பெறாமல் நடுவில் அற்றிருக்கும். பெரும்பாலும் அதன் கீழ்ப்பகுதி மூச்சுக்குழலோடு இணைந்திருக்கும். பிறந்த சில மணி நேரத்திலேயே வாயில் நுரை தள்ளுவதும், துடைக்கத் துடைக்க எச்சில் ஊறுவதும், முதல் பாலிலேயே புரையேறி முகம் நீலம் பாய்வதும் இதன் அறிகுறிகள். மெல்லிய குழாய் ஒன்றை வாய்வழி செலுத்தினால் அது 10 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். அதுவே போதிய சான்றாகும்; எக்ஸ்ரே படம் அதனை உறுதிப்படுத்தும்.

நம் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாவில் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் உண்டு. அன்பினால் எழுந்த வழக்கமே. ஆயினும் நுரை தள்ளும் குழந்தைக்கு அந்தச் சர்க்கரைத் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். தேன் ஒரு வயது நிறையாத எந்தக் குழந்தைக்கும் ஆகாது. தாய்ப்பாலே முதலுணவு, நுரை தள்ளினால் அதுவும் மருத்துவர் பார்த்தபின்பே.

ஒரு நூற்றாண்டுக்கு முன் இக்குறையோடு பிறந்த குழந்தைகள் பிழைப்பதில்லை. 1941-இல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மருத்துவர் கேமரன் ஹெய்ட் அற்ற இரு முனைகளையும் ஒரே அறுவையில் இணைத்து வெற்றி கண்டார். இன்று காலத்தில் கொண்டுசேர்க்கப்படும் குழந்தைகளுள், வேறு பெருங்குறை இல்லாத பெரும்பாலோர் பிழைத்து வளர்கின்றனர்.

தொக்கம் என்னும் நம்பிக்கை

குழந்தை உண்ண மறுத்தால், வாந்தி எடுத்தால், தொக்கம் விழுந்துவிட்டது என்று கருதித் தொக்கம் எடுப்பவரிடம் கொண்டுசெல்வது நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. அவர் வயிற்றைத் தடவியோ வாயால் ஊதியோ ஏதோ ஒரு துணுக்கை எடுத்துக் காட்டுவார், பெற்றோர் நிம்மதியடைவர். சாதாரண வயிற்றுக் கோளாறு தானே தீர்ந்துவிடுமாகையால் பெருமை அவரைச் சேர்கிறது. ஆனால் உணவுக்குழல் குறுகிய குழந்தைக்கு ஊதுவதால் குழல் விரியாது. ஒருமுறை, இருமுறை, மும்முறை என்று நாள் கடக்கையில் குழந்தையின் எடை குறைந்துகொண்டே போகும். நம்பிக்கையைப் பழித்துப் பயனில்லை. மூன்று நாளில் சோறு இறங்காவிடில் ஆஸ்பத்திரிக்குச் செல்வது என்ற ஒரு விதியை மட்டும் ஒவ்வொரு குடும்பமும் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். எச்சிலையும் விழுங்க இயலாது வழியவிடும் குழந்தைக்கு மூன்று நாளும் இல்லை, அன்றே, அப்போதே.

நாணயமும் பொத்தான் பேட்டரியும்

குழந்தைகள் விழுங்கும் பொருள்களுள் நாணயம் அதிகம். அது பெரும்பாலும் குழலின் மேல்முனையில் நின்றுவிடும். அதனைத் தள்ளுவதற்கென்று வாழைப்பழத்தையோ சோற்றுக் கவளத்தையோ விழுங்கச் செய்தல் தவறு. விரல் விட்டுத் தோண்டுதலும் தவறு. எக்ஸ்ரே எடுத்தால் நாணயம் நிற்குமிடம் தெளிவாகும். வயிற்றுக்குள் இறங்கிய நாணயம் பெரும்பாலும் தானே வெளியேறும். குழலிலேயே நிற்பதை மருத்துவர் எடுத்துவிடுவர்.

நாணயம் போலவே தோன்றி அதனினும் பன்மடங்கு கொடியது, விளையாட்டுச் சாமான்களிலும் தொலையியக்கிகளிலும் உள்ள பொத்தான் பேட்டரி. அது குழலின் ஈரத்தில் பட்டதும் மின்னோட்டம் உண்டாகி, அவ்விடத்திலேயே காஸ்டிக் காரம் உற்பத்தியாகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் குழல் வெந்துபோதல் கூடும். எக்ஸ்ரே படத்தில் இரட்டை வளையம் தோன்றினால் அது பேட்டரி. ஒரு வயது கடந்த குழந்தையாயின், ஆஸ்பத்திரிக்குச் செல்லும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம் என்று மருத்துவர் கூறுவர். அதனால் புண் ஆழ்வது சற்றுத் தாமதப்படும். ஆனால் தேனைத் தேடிப் பயணத்தைத் தாமதிக்கலாகாது.

திண்டிவனம் வட்டாரம் மணிலாப் பயிருக்குப் பேர்போனது. முழு மணிலாக்கொட்டை சிறு குழந்தைக்கு உணவுக்குழலில் சிக்குவதைவிட மூச்சுக்குழலுக்குள் போவதே அபாயம். தின்றுகொண்டிருந்த குழந்தை திடீரென விடாது இருமி மூச்சிரைக்குமாயின், கொட்டை நுரையீரல் வழியில் இருக்கிறது என்று கொள்க. நான்கு வயது நிறையாதவர்களுக்கு அதனை இடித்தோ அரைத்தோ கொடுத்தலே நன்று.

காஸ்டிக் சோடா செய்யும் கேடு

வாட் சாயத்தை நூலில் ஏற்றுவதற்குக் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் இன்றியமையாதவை. சிறுவந்தாடு முதலிய ஊர்களில் நெய்யப்படும் பட்டுக்கும் நூலின் பசை நீக்கச் சோப்பும் சலவைச் சோடாவும் பயன்படுகின்றன. பட்டு இழையைக் காய்ந்த காஸ்டிக் கரைசலில் போட்டால் பசை மட்டுமன்றி இழையே கரைந்து போகும் என்பதைப் பட்டு நெசவாளர் அறிவர். பட்டும் புரதம், குழந்தையின் உணவுக்குழலும் புரதமே. அங்கும் அவ்வாறே நிகழ்கிறது. அமிலம் பட்ட இடத்தில் வெந்த தோல் கட்டியாக உறைந்து மேலும் ஆழ்வதைச் சிறிது தடுக்கும். காரமோ தசையைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். அமிலம் நாவில் பட்டவுடன் எரிவதால் குழந்தை துப்பிவிடவும் கூடும். காஸ்டிக் கரைசலுக்கு மணம் இல்லை, பார்வைக்கு நீர் போலவே இருக்கும். தாகத்தில் ஒரு மடக்கு உள்ளே போய்விட்ட பிறகே எரிச்சல் தெரியும். கழிவறை அமிலமும் தீங்கற்றதன்று. அது குழலைவிட வயிற்றின் வாயிலை அதிகமாகச் சுருக்கிவிடும்.

அத்தகைய விபத்தில் செய்யத்தகாதன முதலில் கூறுவேன். வாந்தி எடுக்கச் செய்யலாகாது. ஒருமுறை வெந்த குழல் மறுமுறையும் வேகும். ஆகவே உப்புக் கரைசல், சாணிக் கரைசல் முதலியன கூடவே கூடா. காரத்துக்குப் புளி முறிவு என்று எண்ணிப் புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் புகட்டலாகாது. செய்யத்தக்கன இவை: வாயையும் முகத்தையும் சுத்தமான நீரால் துடைத்தல், கரைசல் சிந்திய துணியைக் களைதல், கண்ணில் பட்டிருந்தால் நீர் விட்டு நெடுநேரம் கழுவுதல், மருத்துவர் சொல்லும் வரை வாய்வழி எதுவும் கொடாதிருத்தல், விழுங்கிய பொருளின் புட்டியை உடன் எடுத்துச் செல்லுதல், 108-ஐ அழைத்தல். உதட்டிலும் நாவிலும் புண் இல்லை என்பதைக் கண்டு ஆறுதல் கொள்ளலாகாது. வாய் நன்றாக இருந்தும் குழல் வெந்திருக்கலாம்.

பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகளும் வாயையும் குழலையும் புண்ணாக்கும். ஆனால் அவற்றின் பெருங்கேடு நுரையீரலையும் சிறுநீரகத்தையும் சாரும். குழந்தை தெளிவாகப் பேசுகிறதே என்று இதில் ஒருபோதும் காத்திருக்கலாகாது.

சோதனையும் சிகிச்சையும்

விழுங்கிய முதல் 24 மணி நேரத்தை ஒட்டி எண்டோஸ்கோப் என்னும் விளக்குடன் கூடிய மெல்லிய குழாயைச் செலுத்தி மருத்துவர் புண்ணை நேரில் காண்பர். முதல் வாரம் கழிந்ததும் குழலின் சுவர் மிக மெலிந்திருக்குமாதலால் அப்போது இச்சோதனையைத் தவிர்ப்பர். இதனாலேயே முதல் நாள் விலைமதிப்பற்றது. புண்ணின் ஆழத்தை வகைப்படுத்த உலகெங்கும் கையாளப்படும் முறை நம் நாட்டில் தோன்றியது. சண்டிகர் மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஜர்கர், கோச்சர் முதலியோர் 1991-இல் வெளியிட்ட அவ்வகைப்பாட்டின்படி, சிவப்பும் மேலோட்டமான புண்ணும் மட்டும் உள்ளவர்கள் வடுவின்றித் தேறுவர். ஆழ்ந்த புண்ணோ, குழலைச் சுற்றி வளைத்த புண்ணோ உள்ளவர்களுள் பெரும்பாலோர்க்குப் பின்னர்க் குழல் சுருங்கும்.

இங்கேதான் பெற்றோர் ஏமாறுவது. பத்து நாளில் புண் ஆறும், குழந்தை பால் குடிக்கும், வீடு திரும்புவர். ஆறும் புண் வடுவாகி இறுகுவதோ மூன்றாவது வாரத்துக்குப் பின்பே. முதலில் சோறு சிக்கும். பின் கஞ்சி சிக்கும். முடிவில் நீரும் சிக்கும். ஆகவே குறித்த நாளில் மீண்டும் காட்டுதல் சிகிச்சையின் பாதியாகும். பேரியம் என்னும் வெண்மையான நீர்மத்தை விழுங்கச் செய்து எக்ஸ்ரே எடுத்தால், சுருக்கம் எங்கே, எவ்வளவு நீளம் என்பது புலப்படும்.

சுருங்கிய குழலை விரிப்பதற்கு முனை மெலிந்த கோல்களையோ, உள்ளே சென்றபின் ஊதி விரிக்கும் பலூனையோ பயன்படுத்துவர். ஒரே நாளில் முழுவதும் விரித்தால் குழல் கிழியும். ஆதலால் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, சிறிது சிறிதாகப் பல மாதங்கள் விரிக்க வேண்டியிருக்கும். இடைக்காலத்தில் உடல் மெலியாதிருக்க வயிற்றில் நேரே குழாய் பொருத்தி உணவு செலுத்துவதும் உண்டு. எவ்வளவு முயன்றும் விரியாத குழலுக்குப் பதிலாகப் பெருங்குடலின் ஒரு பகுதியையோ வயிற்றையோ மேலே கொண்டுவந்து புதிய பாதை அமைப்பர். இத்தகைய அறுவையில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் நெடுங்கால அனுபவம் உடையவர்கள். தேறிய பின்னும், வளர்ந்து பெரியவர்களானபின் விழுங்குவதில் மீண்டும் தடை தோன்றினால் உடனே காட்டுதல் வேண்டும். வெந்த குழலில் பல பத்தாண்டுகளுக்குப் பின் புற்று தோன்றும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

விழுப்புரம் அங்கத்தினர்க்கு அண்மையில் உள்ளது, 2010 முதல் முண்டியம்பாக்கத்தில் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிச் சாலையில் சென்றால் கோரிமேட்டில் ஜிப்மர். சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை உள்ளது. வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை விபத்துக்குப் பின் அன்றி இப்போதே பெற்று வைத்தல் நலம்.

சங்கம் செய்யக்கூடியது

ஓர் அயல்நாட்டு வரலாறு இங்கே கூறத்தக்கது. அமெரிக்காவில் முன்னாளில் சோப்புக் காய்ச்சவும் பாத்திரம் துலக்கவும் காஸ்டிக் காரம் மளிகைக் கடைகளில் எச்சரிக்கைச் சீட்டு ஏதுமின்றி விற்கப்பட்டது. அதனைக் குடித்துக் குழல் சுருங்கிய குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்த செவாலியர் ஜாக்சன் என்னும் மருத்துவர், குழலை விரித்துக்கொண்டே இருப்பதோடு அமையாமல், புட்டியின்மேல் நஞ்சு என்று அச்சிடவேண்டும் எனப் பல்லாண்டுகள் போராடினார். 1927-இல் அதற்கென்று சட்டம் இயற்றப்பட்டது. நம் நாட்டிலும் பூச்சிமருந்துப் புட்டிகளில் நச்சின் அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வண்ணக் குறி கட்டாயம். அமிலச் சில்லறை விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013-இல் கட்டுப்பாடு விதித்தது. ஆனால் எந்தச் சட்டமும் புட்டியோடு நின்றுவிடும். மருந்தைக் குடிநீர்ப் புட்டியிலோ சோடாப் புட்டியிலோ மாற்றி ஊற்றிய அக்கணமே வண்ணக் குறியும் எச்சரிக்கையும் மறைந்துவிடுகின்றன. அங்கே காவல் நாமே.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் தன் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றும்படி வேண்டிக்கொள்கிறேன்.

1. காஸ்டிக் சோடாவைத் தாளிலோ, குடிநீர்ப் புட்டியிலோ பட்டுவாடா செய்வதில்லை. திருகுமூடியுள்ள, நஞ்சு என்று தமிழில் எழுதிய டப்பாவில் மட்டுமே கொடுப்பது. டப்பா கொண்டுவராதவருக்குச் சரக்கு இல்லை.

2. ஒரு நாளைய சாயவேலைக்கு வேண்டிய அளவே வீட்டுக்குக் கொடுப்பது. கரைத்தது மிஞ்சினால் அன்றே அப்புறப்படுத்துவது. மறுநாளைக்கென்று சொம்பில் மூடி வைக்கலாகாது.

3. வீட்டில் அதனைப் பூட்டுள்ள இடத்தில், குழந்தையின் கைக்கும் முக்காலிக்கும் எட்டாத உயரத்தில் வைப்பது. சமையலறையும் தண்ணீர்ப் பானை அருகும் விலக்கு.

4. விவசாய அங்கத்தினர் மருந்தை மூலப் புட்டியிலேயே வைத்து, காலிப் புட்டியைத் துளையிட்டு அழிப்பது.

5. பட்டுவாடாப் புத்தகத்தில் டப்பா பார்த்துக் கொடுக்கப்பட்டது என்று ஒரு பத்தி சேர்ப்பது.

இன்னுமொன்று. குழல் விரிக்கும் சிகிச்சைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் தறி நிற்கும்; கூலி போகும்; பேருந்துச் செலவும் சேரும். நான்கைந்து முறை சென்றபின் குழந்தைதான் கஞ்சி குடிக்கிறதே என்று நிறுத்திவிடும் குடும்பம் உண்டு. நிறுத்திய சில மாதங்களில் குழல் மீண்டும் இறுகி, செய்த சிகிச்சை அனைத்தும் வீணாகும். துணைவிதிகள் இடந்தருமளவு, பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகையிலிருந்து பயணச் செலவுக்கு உதவுவதும், சிகிச்சை முடியும் வரை அவருடைய பாவுக்குத் தவணை நீட்டித்துக் கொடுப்பதும் சங்கத்தின் கடமையாகும். ஒருவர் இடருக்குப் பலர் தோள் கொடுப்பதற்கென்றே சங்கம் ஏற்பட்டது.

டப்பாவின் விலை சில ரூபாய். அதனைச் சங்கமே மொத்தமாக வாங்கி அங்கத்தினர்க்குக் கொடுத்துவிடலாம். செலவுத் தலைப்பு பற்றி ஐயம் எழுமாயின் தணிக்கைக்கு முன்பே விளக்கம் பெற்றுக்கொள்க.